கவனம் கேட்காத பணம்: ஓய்வுக்குப் பிறகு எதை எங்கே வைப்பது?

காரைக்குடியில் 58 வயதில் வேலையை விட்டு இறங்குகிறவரிடம் எல்லோரும் கேட்பது, "பணத்தை என்ன செய்யப் போறீங்க?" என்றுதான். பொழுதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகிறது. சில முதலீடுகள் வட்டியைத் தருவதோடு தினமும் நம்மைக் கூப்பிடவும் செய்யும். ஏலத்துக்கு வா, விலையைப் பார், ஆளைப் பிடித்துக் கேள் என்று இழுத்துக்கொண்டே இருக்கும். சில முதலீடுகள் போட்ட இடத்தில் பேசாமல் கிடக்கும். மாலையில் செஸ் பலகைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார வேண்டும் என்று நினைப்பவர், வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், கணக்கு அதை வைத்துத்தான். 1996ல் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அரசு ஓய்வூதியம் கிடையாது. பிஎஃப்பும் பணிக்கொடையும் சொந்தச் சேமிப்பும் சேர்ந்து 25 லட்சம் கைக்கு வரும். அதில் பணிக்கொடை நாலரை லட்சம். பிஎஃப்போடு வரும் ஓய்வூதியத்தைப் பற்றிப் பலர் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில்தான் 15,000 ஆனது. அதற்கு முந்தைய வருடங்களுக்கு 6,500ஐ வைத்தே கணக்கிடுவார்கள். எனக்கு மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வரும், அவ்வளவுதான். வீடு சொந்தம். மனைவிக்குத் தையல் வருமானம் உண்டு, அதில் நான் கை வைப்பதில்லை.

முதலில் அஞ்சலகம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு வயது 60 ஆக வேண்டும். ஆனால் பணி ஓய்வு பெற்றவர் 55 வயதிலிருந்தே சேரலாம், ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட்டால். 2023 நவம்பருக்கு முன்னால் இந்தக் கெடு ஒரே மாதமாக இருந்தது. உச்சவரம்பு 30 லட்சம். 60க்குள் சேர்பவர் ஓய்வுப் பலனாக வந்த தொகைக்கு மேல் போட முடியாது. வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது, கணக்கை அதை வைத்தே போடுகிறேன். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது வட்டி அறிவிக்கும் என்றாலும், நாம் சேர்ந்த நாளின் வட்டி ஐந்து வருடமும் மாறாது. 13 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 26,650 ரூபாய்.

காலாண்டு என்பதில்தான் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குச் சிக்கல். வட்டி வருவது ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரித் தொடக்கத்தில். எங்களுக்குச் செலவு குவிவதோ டிசம்பரில். துணி, கேக், ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சாப்பாடு, பாடல் குழு வீட்டுக்கு வரும் இரவுக்குக் காணிக்கை, புத்தாண்டு ஆராதனை, எல்லாம் முடிந்த பிறகு ஜனவரியில் வட்டி வந்து நிற்கும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இந்தக் கவலை இல்லை, அக்டோபர் வட்டி தீபாவளிக்குச் சரியாகப் போய்விடும். ஆகவே அக்டோபர் வட்டியில் ஒரு பங்கை எடுத்து வேறாக வைக்கும் பழக்கம் இல்லாதவர் இந்தத் திட்டத்தில் மட்டும் எல்லாவற்றையும் போடக் கூடாது. எடுக்காத வட்டி அந்தக் கணக்கிலேயே கிடந்தால் அதற்கு மேல் வட்டி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டம் இந்தக் குறையை ஈடுகட்டும். வட்டி 7.4, கொஞ்சம் குறைவுதான். தனி ஆளுக்கு 9 லட்சம், கணவன் மனைவி சேர்ந்து போட்டால் 15 லட்சம் வரை. 6 லட்சம் போட்டால் மாதம் 3,700 வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.8 சதவீதம், 6 லட்சத்துக்கு வருடம் 4,800 ரூபாய். அந்த 4,800ஐ விட்டுக்கொடுத்து மாதாமாதம் மளிகைப் பணம் தானாக வருவதை வாங்கிக்கொள்கிறோம். எனக்கு அது நியாயமான விலை. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துபவர்கள் உண்டு. நான் இரண்டையும் சேர்த்தே எடுக்கிறேன். மாதச் செலவுக்கு ஒன்று, பெரிய செலவுக்கு ஒன்று.

வரியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியில் வரி இல்லாமல் போகிறது, எங்களைப் போன்றவர்கள் அதன் பக்கத்திலேயே வரமாட்டோம். ஆனால் 60 ஆகாதவருக்கு வட்டி வருடம் 50,000ஐத் தாண்டினால் முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். வரி கட்ட வேண்டியதில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம் நல்ல பொருள்தான். தேசியச் சேமிப்புப் பத்திரத்தின் வட்டிக்கு மேல் 0.35 சதவீதம். ஆனால் ஏழு வருடம் கட்டிப் போடும், முன்கூட்டி எடுக்கும் சலுகை 60க்கு மேல்தான். 58ல் இருப்பவர் இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம்.

வங்கி வைப்புக்கு இந்த ஊரில் தனிப் பாசம் உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடத்தில் ஒரே நாளில் கதவைத் திறந்தது. அந்தப் பெருமை இன்னும் பேச்சில் இருக்கிறது. பாசம் சரி, ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு, அதுவும் 2020 பிப்ரவரிக்குப் பிறகு. மூத்தோருக்கான கூடுதல் வட்டி 60க்குப் பிறகே. ஆகவே வங்கியில் நான் வைப்பது 3 லட்சம் மட்டும், அதுவும் மருத்துவத்துக்கு. ஒரே ரசீதாக இல்லாமல் லட்சம் லட்சமாக மூன்றாகப் போட்டால், ஒன்றை உடைக்கும்போது மற்ற இரண்டும் தப்பிக்கும். தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000. என்னைப் போன்றவர்கள் வட்டி வருமானத்தாலேயே அதற்கு வெளியே போய்விடுவோம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் 60க்குள் எடுத்துவிடுவது நல்லது.

இனி, கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் பணம்.

ஏலச்சீட்டைக் கெட்டது என்று சொல்லமாட்டேன். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தவர், கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்காதவர் என்றால் சம்பளக்காரருக்கு அது நல்ல சேமிப்பு. ஆனால் சீட்டு என்பது மாதாமாதம் கட்டுவது. ஓய்வு பெற்றவருக்கு வேண்டியது மாதாமாதம் வாங்குவது. திசையே வேறு. அப்புறம் ஏல நாளில் யார் எவ்வளவு தள்ளிக் கேட்டார், யார் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் இருக்கிறார் என்ற பேச்சு சாயங்காலத்தை எல்லாம் தின்றுவிடும். பதிவில்லாத சீட்டு, "நூற்றுக்கு ரெண்டு வட்டி, ஆள் நம்ம ஆள்" என்று வரும் தனியார் நிதி, இவற்றைப் பற்றி ஒரே வரி போதும்: தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. நம்ம ஆள் என்பதில் சபைக்காரரும் அடக்கம். ஆராதனை முடிந்து வாசலில் வைத்து யாராவது வட்டி பேசினால், எழுந்து நடப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மனை வாங்கிப் போடு என்பது இந்தப் பக்கத்து அறிவுரை. திருச்சி சாலையில் கல் நட்டு வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்பார்கள். செட்டிநாட்டில் இதற்கு எதிர்ப்பாடம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, பர்மாவில் இந்தப் பக்கத்துச் செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியாமல் போனபோது, ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் கால் பங்கு அளவுக்கு செட்டியார்களின் பெயரில் இருந்தது. பேரேட்டில் பார்த்தால் கோடீஸ்வரர்கள். 1942ல் ஜப்பானியப் படை வந்தபோது அதை வாங்க ஆள் இல்லை, பிறகு வந்த தேசியமயத்தில் மிச்சமும் போயிற்று. கடனைத் திறமையாகக் கொடுத்தவர்களையே, விற்க முடியாத சொத்து கவிழ்த்தது. 60 வயதில் ஒரு மனை வைத்திருப்பவருக்கு அது ஒரு சின்ன பர்மா. வேலி போட வேண்டும், வரி கட்ட வேண்டும், பக்கத்து மனைக்காரர் கல்லை நகர்த்தினாரா என்று போய்ப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் அவசரத்துக்குப் பணம் கட்டச் சொன்னால் அதில் ஒரு சென்ட்டைக் கிள்ளிக் கொடுக்க முடியாது.

தங்கம், இருப்பது இருக்கட்டும். புதிதாக நகை வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் முதல் நாளே கழிந்துவிடும், மாத வருமானமும் வராது. மகனுக்கு வீடு வாங்க முன்பணம் கொடுப்பதும் ஒரு வழிதான், பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. கொடுப்பதானால் திரும்பி வராது என்று வைத்துக் கொடுங்கள். கடன் என்று பெயர் வைத்தால் வருத்தம்தான் வட்டியாக வரும்.

பங்குச் சந்தையைப் பற்றி செஸ் ஆடுகிறவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. நாலு நகர்த்தல் முன்னால் யோசிக்கத் தெரிந்தவனுக்கு, பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் கட்டும் ஆப்ஷன் வியாபாரம் கைவரும் என்ற நினைப்பு எங்கள் கூட்டத்தில் பலருக்கு உண்டு. பலகையில் 32 காயும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன, எதிராளி ஒருவர், மறைப்பு எதுவும் இல்லை. சந்தையில் எதிராளி யார் என்பதே தெரியாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் (எஃப் அண்ட் ஓ) வியாபாரம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம். ஓய்வுப் பணத்துக்கு இது இடமே இல்லை.

ஆனால் சந்தையை அடியோடு ஒதுக்குவதும் சரியில்லை. நிலையான வட்டியின் குறை, அது நிலையாக இருப்பதுதான். இன்று 3,700க்கு வரும் மளிகை பத்து வருடம் கழித்து அந்த விலைக்கு வராது. ஐந்து வருடம் முடிந்து புதுப்பிக்கும்போது வட்டி 8.2 இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால் இரண்டரை லட்சத்தை சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு, 65 வயது வரை திரும்பிப் பார்க்காமல் இருப்பது என் ஏற்பாடு. திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாதவர் அதையும் அஞ்சலகத்திலேயே போடலாம். செல்போனில் தினமும் விலை பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அது கட்டாயமே.

இப்போது தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது. இதைப் பற்றிச் சபையில் பிரசங்கம் கேட்டிருக்கிறோமே தவிர, ஓய்வுப் பணத்துக்கு எப்படிக் கணக்கிடுவது என்று யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. மூன்று வழி கேள்விப்படுகிறேன். மொத்தமாக வரும்போதே பத்தில் ஒன்றைக் கொடுத்துவிடுவது. 25 லட்சத்தில் இரண்டரை லட்சம். அல்லது அசலைத் தொடாமல் மாத வருமானத்தில் பத்தில் ஒன்று. அல்லது இரண்டும்.

நான் கணக்கு எழுதுகிறவன், எனக்கு முதல் கேள்வி இதுதான்: எந்தப் பணத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று? சம்பளத்தில் பிஎஃப் பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகைக்குத் தசமபாகம் கொடுத்து வந்தவர், தன் பங்கான 12 சதவீதத்துக்கும் அப்போதே கொடுத்துவிட்டார். அதற்கு மறுபடி கொடுக்கத் தேவையில்லை. கையில் வாங்கியதற்கு மட்டும் கொடுத்து வந்தவருக்கு அந்தப் பாக்கி நிற்கிறது. முதலாளியின் பங்கும் பிஎஃப் வட்டியும் பணிக்கொடையும் யாருக்கும் புதிதாக வருபவை. நான் முழுச் சம்பளத்துக்குக் கொடுத்து வந்தவன். பணிக்கொடைக்கு உடனே 45,000 கொடுத்துவிடுவது, பிஎஃப்பிலிருந்து பிறக்கும் வட்டிக்கு இனி மாதாமாதம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். முதலாளியின் பங்கு அந்த வட்டி வழியாக மெதுவாகப் போய்ச் சேரும். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லும் நண்பர் ஒருவர் உண்டு. ஆனால் 80 வயதில் சபையின் உதவிநிதியில் கை நீட்டுவதைவிட, 80 வயதிலும் மாதம் ஆயிரத்தைந்நூறு கொடுத்துக்கொண்டிருப்பது சபைக்கும் நல்லது என்பது என் எண்ணம். பைபிளின் தாலந்து உவமையில் பணத்தைப் புதைத்தவன்தான் திட்டு வாங்குகிறான், வட்டிக்காவது போட்டிருக்கலாமே என்று.

எல்லாம் கூட்டினால்: மூத்த குடிமக்கள் திட்டத்தில் 13 லட்சம், மாத வருமானத் திட்டத்தில் 6, வங்கியில் 3, ஃபண்டில் இரண்டரை, காணிக்கை 45,000. பிஎஃப் ஓய்வூதியத்தையும் சேர்த்து மாதம் பதினேழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 25 லட்சத்தில் மீதி 5,000 நிற்கிறது. அதை எங்கே வைப்பது என்று எனக்குக் குழப்பமே இல்லை: நல்ல கனமான காய்கள் ஒரு செட், ஒரு டிஜிட்டல் கடிகாரம்.

செஸ்ஸிலும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்துக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. 1988ல் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தியைப் படித்துவிட்டுப் பலகை வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த பெயர் மானுவல் ஆரோன். பர்மாவில் பிறந்து, 1961ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். ஓய்வுக்குப் பிறகு போட்டிகளுக்குப் போவேன் என்று எங்களில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்வது சுலபம். மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வரும் செலவு, நுழைவுக் கட்டணம், சென்னை என்றால் விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்துப் போய் ஒரு இரவு லாட்ஜ். ரயிலில் மூத்தோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. அதைவிடப் பெரிய தடை, வார இறுதிப் போட்டிகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தொடங்கும். ஆராதனையா முதல் சுற்றா என்ற கேள்வியை மாதத்துக்கு இரண்டு தடவை எதிர்கொள்ள எனக்கு விருப்பமில்லை. சீனியர் போட்டிகள் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் 50க்கு மேல், 65க்கு மேல் என்று இரண்டு பிரிவு. அவை பல நாள் நடப்பவை. வருடத்துக்கு ஒன்று போகலாம், அதற்கு ஜூலை வட்டியில் இடம் இருக்கிறது.

இணையத்தில் ஆடுவது காசே இல்லாத வழி. லிச்செஸ் என்ற தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. ஆனால் மூன்று நிமிட வேக ஆட்டமான பிளிட்ஸ் கையில் வந்தால் இரவு பதினொன்று மணி ஆவது தெரியாது. தோற்றால் இன்னொன்று, ஜெயித்தால் இன்னொன்று. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளோ மூன்று நாளோ எடுத்துக்கொள்ளும் கடித முறை ஆட்டமும் அங்கேயே இருக்கிறது. முன்பு தபால் அட்டையில் ஆடினார்களே, அது. நான் அந்தப் பக்கம் போகிறேன். காலையில் காபியோடு மூன்று ஆட்டத்துக்கு ஒவ்வொரு நகர்த்தல், அப்புறம் மூடிவிடலாம்.

மூன்றாவது வழி, சொல்லிக்கொடுப்பது. 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு, பிள்ளையைச் செஸ்ஸில் சேர்க்கத் துடிக்கும் பெற்றோருக்குக் குறைவில்லை. கட்டணம் வாங்கினால் மாதம் சில ஆயிரம் நிச்சயம். ஆனால் கட்டணம் வாங்கிய நாளிலிருந்து, "எப்போ சார் ரேட்டிங் வரும்?" என்று கேள்வி வரும், ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பிள்ளையோடு நானும் போக வேண்டி வரும். இலவசமாக, சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், யார் வந்தாலும் சரி என்று வைத்தால் அந்தக் கேள்வி இல்லை. வருமானத்தை இங்கே வேண்டாம் என்று விடுவதற்காகத்தான் மேலே அவ்வளவு கணக்கும்.

செலவு வைக்கும் பொழுதுபோக்கு ஒன்றையும் எச்சரித்துவிடுகிறேன். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்கு, மரப்பெட்டி, பழைய பல்லாங்குழி எல்லாம் வாரி இறைத்திருக்கும். பேரம் பேசி வாங்கும் சுகம் பெரிது. ஆனால் வாங்கியதை வைக்க நமக்குப் பட்டாலை முகப்பு வளவு என்று நீண்டுகொண்டே போகும் வீடு இல்லை.

கடைசியாகக் காகித வேலை. மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு, ஓய்வு பெற்ற விவரம், பெற்ற பலன்களின் தொகை, எந்தப் பதவியில் எவ்வளவு காலம் என்பதைச் சொல்லும் சான்று வேலை பார்த்த இடத்திலிருந்து வேண்டும். மூன்று மாதக் கெடு பணம் வந்த நாளிலிருந்து ஓடும் என்பதால், அந்தச் சான்றை வேலையின் கடைசி வாரத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது. ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் காசோலையாகத்தான் வாங்குவார்கள். கணக்கை மனைவியோடு கூட்டாகத் தொடங்கலாம், உச்சவரம்புக்கு அது முதல் பெயருக்குரியவரின் கணக்காகவே எண்ணப்படும். ஒரு வருடத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டாம் வருடத்தில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம் கழியும். வாரிசு நியமனப் பகுதியை வெற்றாக விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.